ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பிறந்துவிட்டார்கள் என்ற செய்தி, ராயப்பன் இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

"ராயப்பன், உங்க சாஃப்ட்வேருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

போனில் பேசியவர் பேராசிரியை காந்திமதி. விழுப்புரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளியியல் துறைத் தலைவர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகச் சேலத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கிருந்தபடியே போனில் துறையை நடத்திக்கொண்டிருந்தார். எதிராளியின் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"மேடம், என்ன ஆச்சுன்னு..."

"இன்னிக்கு ஜூன் ஒண்ணு. காலைல இருநூத்திப் பன்னண்டு பேருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போயிருக்கு. மொத்தமே அறுநூத்தி நாப்பது பேர்தான். ஒரு நாளைக்குச் சராசரி ரெண்டு பேர்கூட முழுசா வராது. நாங்க என்ன டிபார்ட்மெண்ட்?"

"ஸ்டாட்டி..."

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்! ஸ்க்ரீன்ல அந்த கிராஃபைப் பாருங்க. வருஷம் பூரா புல்லு முளைச்ச மாதிரி இருக்கு. ஜூன் ஒண்ணுல மட்டும் செல்போன் டவர் நிக்குது. மாசக் கடைசியில கமிட்டி வருது. அதுக்குள்ள அந்த டவர் இடிஞ்சாகணும். ஆபீஸ்ல பழைய அட்மிஷன் ரிஜிஸ்தர் இருக்கு, போய்ப் பாருங்க."

"சரிங்க மேடம், இன்னிக்கே போயி பெரிய..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. இட்லி ஆறிப்போயிருந்தது.

ராயப்பன் திண்டிவனத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், பல்கலைக்கழகத் துறைகளுக்கு வேண்டிய இணையச் செயலிகளைத் தைத்துக் கொடுக்கும் கம்பெனி நடத்திவந்தான். ஆமாம், தைத்துத்தான். ஒவ்வொரு துறைக்கும் அளவெடுத்து, அவர்கள் கேட்டபடி பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கும் வேலை அது. கம்பெனியின் பெயரில் சொல்யூஷன்ஸ் என்று பன்மை இருந்தது. ஆள் என்னவோ ஒருவன்தான்.

ஆனால் ஒற்றை ஆளை நம்பி எந்தத் துறை வேலை தரும்? அதனால் அவன் ஒரு டீமை உண்டாக்கினான். சர்வரையும் வாடிக்கையாளர் உதவியையும் தேவா பார்த்துக்கொண்டார். டிசைன் அருணா. இருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. தேவா கொஞ்சம் கறாராக எழுதுவார். அருணா எல்லாக் கடிதத்தையும் நன்றியோடு முடிப்பாள். உடம்புதான் இருவருக்கும் இல்லை.

சென்னைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவன் அவன். அம்மா போய் இரண்டு வருஷம். முப்பத்தெட்டு வயதில், காலையில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் அன்றைய பேச்சில் பாதி முடிந்துவிடும். தனிமை என்று யாராவது சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். சில சாயங்காலங்களில் தேவாவுக்கு அவனே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, தேவாவிடமிருந்து பதிலும் வாங்கிக்கொள்வான். அது வேலை நிமித்தமாக.

புள்ளியியல் துறைக்கு அவன் செய்தது முன்னாள் மாணவர் செயலி. மாதக் கடைசியில் வரப்போகும் தரமதிப்பீட்டுக் குழு, "பழைய மாணவர்களோடு உங்களுக்கு என்ன தொடர்பு?" என்று கேட்கும். பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறோம் என்று காட்டிவிடலாம் என்பது காந்திமதியின் யோசனை. வேலை முடிந்தது என்று துறை ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டால், அதைப் பார்த்துத் தமிழ்த் துறையும் வணிகவியல் துறையும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தன. சான்றிதழ் வராவிட்டால் அவன் மாடியைக் காலி செய்துவிட்டு மறுபடியும் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே ஆறு பேர் இருக்கும் அறையில் தனியாக இருக்க வேண்டும்.

பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்தான். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஒரு மணி நேரம். விழுப்புரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. கோடை விடுமுறையில் வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. துறை அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. சூப்பரண்டு பெரியதம்பியின் மேசைமேல் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. துப்புரவு வேலை செய்யும் கோவிந்தம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் ராயப்பா! இங்க வாய்யா!"

குரல் நடைபாதைக் கோடியிலிருந்த ரெக்கார்டு ரூமிலிருந்து வந்தது. பெரியதம்பி அங்கே ஒரு பழைய மேசையைத் தூசி தட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்து மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மூன்று மாதமாக இந்தச் செயலிக்கு வேண்டிய விவரமெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"என்ன சார், இங்க வந்துட்டீங்க?"

"முன்னால ஃபேன் சரியில்ல. இங்கதான் காத்து வருது."

ரெக்கார்டு ரூமில் ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பாதிதான் திறக்கும். சுவரில் புதுக் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"போர்டைக் காணோமே சார்?"

"பெயிண்ட் அடிக்க எடுத்துக்கினு போயிருக்காங்க. அத வுடு. என்ன பேஜாரு, மூஞ்சி ஒரு மாரி கீது?"

ராயப்பன் சொன்னான். பெரியதம்பி நிதானமாகக் கேட்டார். எழுந்துபோய் ஒரு ரிஜிஸ்தரை இறக்கி, ஊதி, பிரித்தார். முதல் பக்கத்திலேயே நாலு ஜூன் ஒன்று.

"ரிஜிஸ்தர்லயும் அதான் இருக்குது, சார்!"

"இருக்குது. ஆனா இது ஒண்ணுதான். மொத்தம் முப்பத்திரண்டு இருக்குது. ஒவ்வொண்ணா பாத்துடலாம். ஜல்தி பண்ணா காரியம் கெட்டுடும். நாளைக்கு வா."

"முப்பத்திரண்டா? அதுக்கு பத்து நாள் ஆவும் சார்."

"ஆவட்டுமே. உன் டீமு பாத்துக்குமில்ல அங்க?"

ராயப்பனுக்குப் பொறுமை இல்லை. இருநூறு பேருக்கு ஒரே தேதி வருகிறதென்றால், அந்தக் காலத்துக் குமாஸ்தா யாரோ தேதி தெரியாத இடத்திலெல்லாம் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினான். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பிறந்தது திண்டிவனத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். பிறந்த நிமிஷம் வரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று மாலையே இரண்டு காரியம் செய்தான். முதலில், அந்த இருநூற்றுப் பன்னிரண்டு தேதிகளையும் அழித்தான். டவர் இடிந்தது. பிறகு அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: "தங்களுக்குத் தவறுதலாகப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பப்பட்டது. வருந்துகிறோம். தங்கள் உண்மையான பிறந்த தேதியை உடனே தெரிவிக்கவும். துறைக்காக, தேவா."

அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். இந்தக் கதையில் அவன் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் ஏழு மணிக்கு முதல் போன்.

"யாருப்பா அது தேவா?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், குடுக்கறேன்." ராயப்பன் பத்துவரை எண்ணினான். தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டான். "வணக்கம். தேவா பேசறேன்."

"நான் செஞ்சிப் பக்கம் பி.டி.ஓ. அது என்னப்பா, உண்மையான பிறந்த தேதி? சர்டிபிகேட்ல இருக்கறது பொய்யின்னு எவன் சொன்னான்? யாரு பெட்டிஷன் போட்டது?"

"பெட்டிஷன் எல்லாம் இல்ல சார், சும்மா..."

"சும்மாவா? எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ் இருக்குது. அடுத்த மே முப்பத்தொண்ணு ரிட்டயர்மெண்டு. இந்த நேரத்துல வந்து தேதியக் கிளர்றீங்களே."

"ஜூன்ல பொறந்தவருக்கு மேல எப்படி சார்..."

"ஒண்ணாந்தேதி பொறந்தா மொத நாளே அனுப்பிடுவான்பா கவர்மெண்டுல. அந்த ஒரு நாள் சம்பளம் கூட கெடையாது. அதையும் நோண்டாத!"

புள்ளியியல் படித்தவர்களுக்கு அந்த மாவட்டத்தில் சர்க்கார் உத்தியோகத்தைத் தவிர வேறு போக்கிடம் இருந்ததில்லை. தாலுகா அலுவலகம், கருவூலம், பள்ளிக்கூடம் என்று பரவியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர், மேலிடத்தில் தங்கள் வயதைத் துருவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சர்டிபிகேட்டின் சான்றொப்பமிட்ட நகல்கள் துறைக்குப் பதிவுத் தபாலில் பறந்தன. ஒருவர் ஜாதகத்தையே அனுப்பினார். பதினோரு மணிக்குச் சேலத்திலிருந்து அழைப்பு வந்தது.

"துணைவேந்தர் ஆபீஸ்ல கேக்கறாங்க, உங்க டிபார்ட்மெண்ட் எதுக்கு ஜனங்க பொறப்பை விசாரிக்குதுன்னு! யாரு அந்த தேவா? அவரை முதல்ல வேலைய விட்டு நிறுத்துங்க!"

"மேடம், தேவா வந்து..."

"பழைய தேதிகளை அப்படியே திரும்பப் போடுங்க!"

இங்கேதான் ராயப்பன் மாட்டிக்கொண்டான். அழிப்பதற்கு முன்னால் நகல் எடுத்துவைப்பது தேவாவின் வேலை. தேவா எடுத்துவைக்கவில்லை. நாளும் மாதமும் எல்லாருக்கும் ஒன்றுதான். வருஷம்தான் ஆளுக்கு ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டு வருஷங்கள் காற்றோடு போய்விட்டன.

அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் வந்து, ரெக்கார்டு ரூம் வாசலில் தலையைத் தொங்கப் போட்டு நின்றான்.

"தேவா பேக்கப் எடுக்கல சார்."

பெரியதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரத் திட்டாத. ஒண்டியா எவ்ளோ வேலதான் பாப்பாரு, பாவம். உக்காரு. மொத ரிஜிஸ்தர எடுக்கறேன்."

அப்படி ஆரம்பித்தது அந்த வேலை. பெரியதம்பி பெயரையும் வருஷத்தையும் படிப்பார். ராயப்பன் தட்டுவான். ஆனால் அவர் வெறும் பெயரைப் படித்து நிறுத்துகிற ஆள் இல்லை. "இந்தப் பையன் ஃபீஸ் கட்ட ஆடு வித்தவன்யா. இந்தப் பொண்ணு கடைசிப் பரீட்சைக்கு நெறமாசமா வந்து எழுதிச்சு." ஒரு நாளைக்கு நாலு ரிஜிஸ்தர்தான் நகர்ந்தது. மதியம் இரண்டு டிபன் டப்பா திறக்கப்படும். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. ராயப்பனுக்கும் சேர்த்தே கொண்டுவந்திருப்பார். கிளம்பும்போது வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று, அவர் பாஷையில் மல்லாட்டை, கைக்கு வரும்.

"இது அருணாவுக்கு. டிசைன் போடற பொண்ணு, கண்ணு வீணாப் போவும். மறக்காம குடு."

ராயப்பன் அதைத் திண்டிவனம் மாடியில் தனியாக உட்கார்ந்து, அருணாவின் சார்பில் தின்றான். தின்னும்போது அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பயந்துபோனவர்களைச் சமாதானப்படுத்த அவன் மூன்றாம் நாள் இன்னொரு செய்தி அனுப்பினான்: "இது விசாரணை அல்ல. தங்கள் வீட்டில் சொல்லும் பிறந்த விவரம் எதுவானாலும் தெரிவிக்கலாம். ரகசியமாக வைக்கப்படும்." ரகசியம் என்ற வார்த்தையைப் பார்த்ததும், அதுவரை பயப்படாதவர்களில் பாதிப் பேரும் பயந்தார்கள். மீதிப் பேர் அதைவிட மோசம். அவர்கள் போனில் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு மறுநாள் தம்பி. வருஷம் தெரியாது."

"மயிலத்துல தேரு நெலைக்கு வந்த நேரம்னு எங்கம்மா சொல்லும்."

"மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கும்போது கழனியிலயே பொறந்தேன். வரப்பு கூட இன்னும் இருக்குது, போட்டோ அனுப்பட்டுமா?"

செயலி இதையெல்லாம் ஏற்றுக்கொள்ளவில்லை. தேதியைச் சரியான வடிவில் உள்ளிடவும் என்று சிவப்பில் திட்டியது. ராயப்பன் ஒரு நோட்டு வாங்கி எழுதிக்கொண்டான். நாள் முழுக்க ஊமையாகக் கிடந்த போன் இப்போது ஓயாமல் அடித்தது. அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை அவனால் மறைக்க முடியவில்லை. ரிஜிஸ்தர் வேலைக்கு நடுவே போன் வந்தால் வராந்தாவுக்கு ஓடி, பத்துவரை எண்ணி, தேவாவாக மாறிப் பேசிவிட்டு வருவான். ஜன்னல் பாதிதான் திறந்திருந்தது. ஆனால் பாதி ஜன்னலிலும் குரல் முழுசாக உள்ளே வரும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

"தேவாவுக்குத் தொண்ட கட்டிக்கினு இருக்குது போல," என்றார் பெரியதம்பி ஒரு நாள், ரிஜிஸ்தரிலிருந்து தலையைத் தூக்காமல். "மிளகுக் கஷாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லு."

கோவிந்தம்மாள் டீ கொண்டுவந்து வைப்பாள். இருவரையும் பார்த்து முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள்.

"நாளைக்கும் வருவீங்களா தம்பி?"

"வருவேங்க்கா."

"அப்ப சரி. வாட்ச்மேன்கிட்ட சொல்லிடறேன்."

வாட்ச்மேனுக்கு இதில் என்ன வேலை என்று ராயப்பன் யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் வந்த அழைப்பில் கதை இல்லை. கேள்வி இருந்தது.

"குயிலாப்பாளையத்துலேர்ந்து அமலா பேசறேன். ஸ்கூல் டீச்சர்."

"சொல்லுங்க மேடம், பிறந்த விவரம்..."

"அதச் சொல்லக் கூப்பிடல. குடுத்த வாழ்த்த எதுக்குங்க திரும்ப வாங்கிக்கினீங்க?"

ராயப்பன் பத்துவரை எண்ண மறந்துபோனான்.

"ஒண்ணாந்தேதி காலைல உங்க மெசேஜ் வந்துச்சு. நாப்பத்தெட்டு வயசுல எனக்கு வந்த மொத வாழ்த்துங்க அது. வூட்ல நான் ஒருத்திதான். சேமியா பாயசம் வெச்சு நானே குடிச்சேன். சாயங்காலம் பாத்தா, வருந்துகிறோம்னு வருது. பாயசம் குடிச்சதுக்கு அப்புறம் நான் என்னத்த பண்றது?"

"அப்போ உண்மையாவே உங்களுக்கு ஜூன் ஒண்ணுதானா மேடம்?"

"அதெப்படி இருக்கும்? எங்கம்மாவுக்கு வெயில் காலம்னு மட்டும்தான் தெரியும். அஞ்சு வயசு முடிஞ்சாத்தான் ஒண்ணாங்கிளாஸ். ஸ்கூல் தொறக்கறது ஜூன்ல. ஹெட்மாஸ்டரு, கைய தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடுன்னாரு. தொட்டேன். ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கினாரு. எங்க தெருப் பசங்க அத்தினி பேருக்கும் அதே தேதிதான். அவரு போட்ட தேதிதாங்க. ஆனா எங்கிட்ட வேற தேதி கெடையாதே. அதையும் நீங்க அழிச்சிட்டா, நான் எத வெச்சுக்கறது?"

ராயப்பன் தன் சொந்தக் குரலிலேயே பேசினான். இந்த முறை நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"தப்பு என்னுதுதான் மேடம். டீம் கீம் எல்லாம் இல்ல, நான்தான் அழிச்சேன். திரும்பப் போட்டுடறேன். பிறந்தநாள் வாழ்த்துக்கள்."

"லேட்டு," என்றாள் அமலா. பிறகு அவளே, "பரவால்ல," என்றாள்.

அவன் ரெக்கார்டு ரூமுக்குள் திரும்பி வந்தபோது பெரியதம்பி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த ஜூன் ஒண்ணு ஹெட்மாஸ்டருங்க போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? எனக்கே அதான தேதி."

"அப்ப மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல! நான் அழிச்சிருக்கவே மாட்டேன். கமிட்டிக்கு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். முப்பத்திரண்டு ரிஜிஸ்தர் பாக்கணும்னு எதுக்கு சார் சொன்னீங்க?"

"தேதி சரியான்னு கேட்ட. பாத்துடலாம்னு சொன்னேன். எப்படி வந்துச்சுன்னு நீ கேக்கலியே."

கோபம் வந்திருக்க வேண்டும். ராயப்பனுக்கு வரவில்லை. அம்மா போனபிறகு இந்த எட்டு நாளைப்போல எட்டு நாள் அவனுக்கு வாய்த்ததில்லை. திடீரென்று அவனுக்கு ஒன்று உறைத்தது.

"அப்ப அன்னிக்கு உங்களுக்கும் பிறந்தநாளா சார்? சொல்லவே இல்லியே?"

"சொல்லாட்டி என்ன? அதான் நீ வந்தியே," என்று சொல்லிவிட்டு அவர் ரிஜிஸ்தரைத் திருப்பினார்.

அதன்பிறகு வேலை முடிவுக்கு வந்தது. வருஷங்கள் எல்லாம் திரும்ப ஏறின. டவர் பழையபடி எழுந்து நின்றது. பெயருக்குக் கீழே வீட்டுப் பிறந்தநாள் என்று இன்னொரு கட்டம் வந்தது. புயல், தேர், கழனி எதை எழுதினாலும் அது திட்டாது. கிராஃபின் அடியில் போட ஒரு வரியைப் பெரியதம்பி சொல்லச் சொல்ல ராயப்பன் தட்டினான்: "இத்துறையில் படித்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிறந்தநாளைக் கொடுத்தது பள்ளிக்கூடம்."

சேலத்திலிருந்து காந்திமதி பேசினார். வழக்கத்துக்கு மாறாகத் திட்டாமல் ஆரம்பித்தார்.

"அந்த வரி யாரு எழுதினது? நல்லா இருக்கு. கமிட்டிக்கு இது போதும். டவர் அப்படியே நிக்கட்டும். ஆபீஸ்ல கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கிக்குங்க, கையெழுத்தும் சீலும் இருக்கணும். தமிழ்த் துறையில திங்கக்கிழமை அதைக் காட்டிடுங்க."

"ரொம்ப நன்றிங்க மேடம், எல்லாம் நம்ம பெரியதம்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை, கடைசி ரிஜிஸ்தரை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று பெரியதம்பி வரச் சொல்லியிருந்தார். அதில் ஏழே ஏழு பெயர். அதைப் படிக்க அவர் ஒரு முழுக் காலைப்பொழுதை எடுத்துக்கொண்டார். இருவரும் களி சாப்பிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து இந்த அறைக்கு வருவதற்குக் காரணம் இருக்காது என்று நினைத்தபோது, மூன்று மாதமாகத் தவம் கிடந்த சான்றிதழை வாங்கவே ராயப்பனுக்கு மனமில்லை. இந்த மனிதர் ஏன் எதையும் இழுத்தடிக்கிறார் என்பதும் அவனுக்கு இப்போது புரிந்தமாதிரி இருந்தது. விடுமுறையில் காலியான ஆபீஸ், பேச்சுத் துணைக்கு ஆளில்லை, பாவம்.

பெரியதம்பி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். "மேற்படி நிறுவனத்தின் திரு. ராயப்பன், திரு. தேவா, செல்வி அருணா ஆகியோர் இரவு பகல் பாராது உழைத்து" என்று போயிற்று அது. கீழே கையெழுத்திட்டு, கண்காணிப்பாளர் என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"சீல் சார்?"

"சீலு முன்னால பீரோல இருக்குது. அவசரம் என்ன, திங்கக்கெழம வாயேன். களி கொண்டாறேன்."

"திங்கக்கிழமை தமிழ்த் துறையில காட்டணும் சார். நீங்க உக்காருங்க, நானே போட்டுக்கினு வர்றேன்."

"ராயப்பா, இருய்யா..."

ராயப்பன் அதற்குள் நடைபாதையில் பாதி தூரம் போய்விட்டான். முன் அலுவலகத்தில் கவிழ்த்த நாற்காலி அப்படியே இருந்தது. கோவிந்தம்மாள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆபீஸ் சீல் எந்த பீரோல இருக்குது?"

"எதுக்கு தம்பி?"

"சர்டிபிகேட்டுக்கு. சூப்பரண்டு சார் கையெழுத்துப் போட்டுட்டாரு. சீலு மட்டும்தான் பாக்கி."

கோவிந்தம்மாள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். ரெக்கார்டு ரூம் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு மே முப்பத்தொண்ணோட ரிட்டயர்டு ஆயிட்டாரு தம்பி, எதுக்கு சார் தெனம் வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கிக்கினு வந்து உக்காந்துக்கினு இருக்கீங்கன்னு கேட்டா, 'அந்தத் திண்டிவனத்துப் புள்ளைக்கு டீமும் இல்ல ஒண்ணும் இல்ல, நானும் வரலன்னா ஒண்டியா கெடந்து தவிக்கும், பாவம்'னு சொல்றாரு."